பதிமூன்று வருட வங்கி வேலையில் எனக்குக் கிடைத்த பயிற்சி: உள்ளே இருப்பவரின் விமர்சனம்

போன மாதம் முதல் வாரத்தில், பென்ஷன் வாங்க வந்தவர்கள் வாசல் வரைக்கும் நின்றுகொண்டிருந்த நேரத்தில், முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் ஒரு பெண் எங்கள் கிளைக்கு வந்தார். வங்கிகளில் மனிதவள மேம்பாடு பற்றி ஊழியர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது அவருடைய தலைப்பு. கையில் 38 வாக்கியங்கள் அடித்த தாள், ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போட வேண்டும். நான் முதல் ஆறேழு வாக்கியங்களைப் படித்தேன், மீதியைப் படிக்காமலே எல்லாவற்றுக்கும் நாலு போட்டுக் கொடுத்துவிட்டேன். அவர் நன்றி சொல்லிவிட்டு அந்த வெயிலில் எதிரே இருக்கும் இன்னொரு வங்கிக்கு நடந்து போனார். அன்று ராத்திரி மனசு கேட்கவில்லை. இந்த விஷயத்தைப் பற்றிப் பேச எனக்கு நிறைய இருக்கிறது, கேட்க ஆள் வந்தபோது வாயைத் திறக்கவில்லையே என்று இருந்தது. அதனால் இங்கே எழுதுகிறேன். வங்கியில் சேரப் போகிறவர்களுக்கும், பயிற்சிக்குப் போகச் சொல்லி ஆர்டர் வந்து போவதா வேண்டாமா என்று யோசிக்கிறவர்களுக்கும் உதவலாம்.

நான் ஒரு பொதுத்துறை வங்கியில் அதிகாரி. எந்த வங்கி என்று சொல்லப்போவதில்லை. 2011 செப்டம்பரில் வங்கி வேலைக்குத் தேர்வு நடத்தும் ஐ.பி.பி.எஸ். நிறுவனம் முதன்முதலாகப் பல பொதுத்துறை வங்கிகளுக்கும் சேர்த்து நடத்திய பி.ஓ. (பயிற்சி அதிகாரி) தேர்வை எழுதி, 2012-ல் வேலைக்குச் சேர்ந்தவள். திருச்சி, ஈரோடு மாவட்டத்தில் ஒரு மஞ்சள் ஊர், கோவை, இப்போது மறுபடியும் ஒரு சின்ன ஊர் என்று நான்கு கிளைகள் பார்த்தாகிவிட்டது. பயிற்சிக் கல்லூரிக்கு ஐந்து முறை போயிருக்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே நல்லது. எங்கள் வங்கியின் பயிற்சிக் கல்லூரியைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. பெரிய வளாகம், மரங்கள், ஆளுக்கொரு அறை, வெந்நீர் வருகிறது, காலை ஏழு மணிக்கு அறைக்கே காபி. சாப்பாடு நன்றாக இருக்கும், எட்டு மாநிலத்திலிருந்து ஆட்கள் வருவதால் சப்பாத்தியும் சாம்பாரும் ஒரே தட்டில் இருக்கும். நூலகம் மாலை ஏழு மணி வரை திறந்திருக்கும். கிளையில் இருக்கும்போது ஒரு சர்குலரை முழுசாகப் படிக்க நேரம் கிடைக்காது, அங்கே போய்த்தான் பழைய சர்குலர்களை எல்லாம் உட்கார்ந்து படித்தேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது கட்டடத்தைப் பற்றியல்ல, அங்கே பாடம் எடுக்கிறவர்களைப் பற்றி. 2016-ல் என்னை அந்நியச் செலாவணிப் பயிற்சிக்கு அனுப்பினார்கள், இரண்டு வாரம். அங்கே பாடம் எடுத்தவர் பல வருடம் ஏற்றுமதிப் பிரிவில் உட்கார்ந்து வேலை பார்த்தவர், புத்தகத்தைத் திறக்கவே மாட்டார். மூன்றாவது நாள் எங்களுக்கு ஆளுக்கொரு காகிதக் கட்டு கொடுத்தார். கரூரிலிருந்து திரைச்சீலை ஏற்றுமதி செய்த ஒரு கம்பெனியின் பில், பெயரை மட்டும் அழித்திருந்தார். எல்.சி. (சரக்கு வாங்குகிறவரின் வங்கி பணத்துக்கு உறுதி தரும் கடிதம்) நகல், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது), இன்ஷூரன்ஸ் சர்டிபிகேட் எல்லாம் இருந்தது. "இதுல பதினோரு தப்பு இருக்கு. மத்தியானத்துக்குள்ள கண்டுபிடிங்க. நிஜத்துல உங்களுக்கு அஞ்சு வேலை நாள் இருக்கும், இங்க மூணு மணி நேரம்தான்" என்றார்.

நான் ஏழு கண்டுபிடித்தேன். எல்.சி.யில் துறைமுகத்தின் பெயர் ஒன்று, பில் ஆஃப் லேடிங்கில் வேறொன்று, அதெல்லாம் சுலபம். நான் கோட்டை விட்டது இன்ஷூரன்ஸ் சர்டிபிகேட்டில். தொகை சரியாக இருந்தது, சரக்கு மதிப்பில் 110 சதவீதம் இருக்க வேண்டும் என்று காலையில்தான் படித்திருந்தோம், அதைச் சரிபார்த்துவிட்டு நிம்மதியாகப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். அவர் என் பக்கத்தில் வந்து நின்று தேதியின் மேல் விரலை வைத்தார். சரக்கு கப்பல் ஏறி நான்கு நாள் கழித்து எடுத்த இன்ஷூரன்ஸ் அது. "கப்பல் ஏறின அன்னைக்கே மூழ்கியிருந்தா இந்தக் காகிதம் யாரைக் காப்பாத்தும்மா?" என்று கேட்டார். யு.சி.பி. 600 என்ற சர்வதேச விதித் தொகுப்பில் அதற்கென்று ஒரு பிரிவு இருக்கிறது, 28-வது பிரிவு, அதை அன்றைக்குப் படித்தேன், இன்றைக்கும் கேட்டால் சொல்வேன். வெறும் விதியாகப் படித்திருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பேன், அந்த விரல் வைத்த இடம் மறக்கவில்லை. கல்லூரிக்கு ஐந்துக்கு ஐந்து தருகிறேன் என்றால் இந்த மாதிரி ஆட்களுக்காகத்தான்.

சரி, அப்புறம் என்ன ஆனது? பயிற்சி முடிந்து வந்த இரண்டாவது மாதம் எனக்கு இடமாற்றம் வந்தது. திருப்பூருக்கோ கரூருக்கோ போடுவார்கள் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன். போட்டது ஈரோடு மாவட்டத்தின் அந்த மஞ்சள் ஊருக்கு. அங்கே எல்.சி. என்ற பெயரைக் கூட யாரும் கேட்டதில்லை. நகைக்கடன், பயிர்க்கடன், குடோனில் வைத்த மஞ்சள் மூட்டைக்குக் கடன், இவ்வளவுதான் வேலை. அதே சமயத்தில், ஏற்றுமதி பில் நிறைய வரும் ஒரு கிளையில், அந்நியச் செலாவணியே தெரியாத ஒருவரை அந்த சீட்டில் உட்கார வைத்திருந்தார்கள். அவர் என் பேட்ச்தான். சந்தேகம் வந்தால் எனக்குத்தான் போன் செய்வார், நான் நகை எடை போட்டுக்கொண்டே அவருக்கு யு.சி.பி. சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

எனக்கு வருத்தம் கிராமத்துக்குப் போட்டதில் இல்லை. அந்த ஊர் எனக்குப் பிடித்திருந்தது. யார் எந்தப் பயிற்சி முடித்திருக்கிறார்கள் என்ற விவரம் வங்கியின் கணினியில் இருக்கிறது, என் பெயரைத் தட்டினால் ஐந்து பயிற்சியும் தேதியோடு வரும். இடமாற்றப் பட்டியல் போடுகிறவர்கள் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்ப்பதில்லை. பயிற்சி ஒரு பிரிவு, இடமாற்றம் இன்னொரு பிரிவு, இரண்டும் ஒரே கட்டடத்தில், சில ஊர்களில் ஒரே மாடியில்தான் இருக்கின்றன. என்னுடைய மொத்த விமர்சனமும் இந்த ஒரு இடத்தில்தான் நிற்கிறது: இந்த வங்கி சொல்லிக்கொடுப்பதில் நிறைய அக்கறை காட்டுகிறது, சொல்லிக்கொடுத்ததை எங்கே வைத்துப் பயன்படுத்துவது என்பதில் அந்த அக்கறையைக் காட்டுவதில்லை.

மஞ்சள் ஊருக்கு வருகிறேன். எனக்கு அங்கே பயிற்சி கொடுத்தது கல்லூரி இல்லை, எங்கள் ஹெட் கேஷியர். நான் அங்கே சேரும்போது அவர் ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. நகைக்கடனுக்குத் தங்கத்தை உரசிப் பார்ப்பது மதிப்பீட்டாளரின் வேலை, ஆனால் கடனில் கையெழுத்துப் போடுவது நான், போலி என்று பின்னால் தெரிந்தால் பதில் சொல்ல வேண்டியதும் நான். அவர் முதல் வாரமே என்னைக் கூப்பிட்டு, "சார்ஜ் ஷீட் வாங்கறதுக்கு முன்னாடி இதைக் கத்துக்கோங்க மேடம்" என்று உரைகல்லை எடுத்து மேசையில் வைத்தார். செயினை நடுவில் உரசினால் மேல்பூச்சுதான் உரசும், கொக்கியும் வளையமும் சேரும் இடத்தில்தான் தேய்மானம் இருக்கும், அங்கே உரசச் சொல்ல வேண்டும் என்றார். பழைய நகையில் அழுக்கு எங்கே தங்கும், எங்கே தங்காது என்று காட்டினார். ஒரே ஆள், ஒரே மாதிரி வளையல், எல்லாம் புதுசு, ரசீது இல்லை, அவசரமும் படுத்துகிறார் என்றால் அன்றைக்கு நிதானமாக இருக்க வேண்டும், சாமி கும்பிட்டுவிட்டு உட்கார வேண்டும் என்றார்.

அடுத்த மாதமே அப்படி ஒருவர் வந்தார். ஆறு வளையல், பளபளவென்று, எடையெல்லாம் கிட்டத்தட்ட ஒன்று. மதிப்பீட்டாளர் உரசிப் பார்த்து சரியாக இருக்கிறது என்றார். நான் ஹெட் கேஷியரைத் திரும்பிப் பார்த்தேன், அவர் ஒன்றும் பேசாமல், வேண்டாம் என்பது போலத் தலையை மட்டும் ஆட்டினார். "ஒண்ணை மட்டும் லேசா அறுத்துப் பார்த்துக்கறோங்க, சேதாரத்துக்கு நாங்க பொறுப்பு" என்று சொன்னேன். வந்தவர் வளையல்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனவர்தான், திரும்பி வரவே இல்லை. உள்ளே என்ன உலோகம் இருந்தது என்று இன்றுவரை தெரியாது. ஆனால் அன்றைக்கு நான் கையெழுத்துப் போடவில்லை, அது போதும்.

அவர் ஓய்வு பெற்ற நாளில் சால்வை போர்த்தினோம், ஒரு கைக்கடிகாரம் கொடுத்தோம், மதியம் சாப்பாடு. அவருக்குத் தெரிந்ததை யாரும் எழுதி வாங்கவில்லை. வீடியோ எடுக்கவில்லை. அவரைக் கல்லூரிக்கு ஒரே ஒரு நாள் அழைத்துப் பேச வைக்கலாம் என்று நான் மண்டல அலுவலகத்துக்கு ஒரு மெயில் போட்டேன், பதில் வரவில்லை. இது எங்கள் வங்கியின் கதை மட்டுமில்லை. 2000-01-ல் பொதுத்துறை வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் கொண்டுவந்து சுமார் ஒரு லட்சம் பேரை வெளியே அனுப்பினார்கள், அதற்கு முன்னும் பின்னும் பல வருடங்கள் பெரிதாக ஆள் எடுக்கவில்லை. எடுக்கத் தொடங்கியபோது கிளைகளில் ஐம்பது வயதுக்காரர்களும் இருபத்தைந்து வயதுக்காரர்களும்தான் இருந்தார்கள், நடுவில் ஆளே இல்லை. பேங்க் ஆஃப் பரோடாவின் தலைவராக இருந்த கண்டேல்வால் தலைமையில் பொதுத்துறை வங்கிகளின் மனிதவளப் பிரச்சினைகளை ஆராய ஒரு குழு போட்டார்கள், 2010-ல் அறிக்கை கொடுத்தது. அனுபவசாலிகள் கூட்டம் கூட்டமாக ஓய்வு பெறப் போகிறார்கள் என்ற எச்சரிக்கை அதிலேயே இருந்தது. அப்படியிருந்தும், இருபத்தைந்து வயதுக்காரர்களாகிய எங்களுக்கு எல்லாம் கற்றுக்கொடுத்தது அந்தந்தக் கிளையில் தற்செயலாகக் கிடைத்த ஒரு நல்ல மனிதர்தான். நல்ல மனிதர் கிடைக்காத கிளையில் விழுந்தவர்கள் என் பேட்சில் மூன்று பேர் வேலையையே விட்டுவிட்டார்கள்.

இப்போது கைப்பேசிப் பயிற்சி. செயலியில் பாடங்கள் வரும், ஒவ்வொரு காலாண்டிலும் இத்தனை முடிக்க வேண்டும் என்று கணக்கு. பாடங்கள் மோசமில்லை, சைபர் மோசடி பற்றிய பாடம் உண்மையிலேயே நன்றாகச் செய்திருந்தார்கள், அதைப் பார்த்த பிறகுதான் 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டப்பட்டு டெபாசிட்டை உடைக்க ஓடிவந்த ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, போனை அணைக்கச் சொல்ல எனக்குத் தைரியம் வந்தது. ஆனால் இதை எப்போது படிப்பது? வேலை நேரத்தில் கவுண்டரை விட்டு எழுந்திருக்க முடியாது. ராத்திரி ஒன்பதரைக்குக் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டுப் படிக்க வேண்டும். காலாண்டுக் கடைசியில் பட்டியல் வரும், முடிக்காதவர்கள் பெயர் சிவப்பில். உடனே வாட்ஸ்அப் குழுவில் கேள்விக்கான விடைகள் வரும், எல்லோரும் பத்தே நிமிடத்தில் நூறு சதவீதம். மேலே இருப்பவர்களுக்கு அந்த நூறு சதவீதம் போகிறது, அவர்கள் திருப்தியாகிறார்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரம், வேலை நேரத்திலேயே, ஆள் மாற்றி ஆள் உட்கார்ந்து படிக்க விட்டால் போதும், இதே செயலிக்கு நான்கு தருவேன். இப்போதைக்கு இரண்டு.

எதிர்பாராமல் எனக்கு நல்ல பயிற்சியாக அமைந்தது ஒன்று உண்டு. முக்கியமான பொறுப்புகளில் இருக்கும் வங்கி ஊழியர்கள் வருடத்தில் ஒரு முறை தொடர்ச்சியாகப் பத்து வேலை நாட்களுக்குக் குறையாமல் கட்டாய விடுப்பில் போக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மோசடி இருந்தால் அந்த நாட்களில் வெளியே வரும் என்பதற்காக வைத்தது. கோவையில் எங்கள் கடன் பிரிவு அதிகாரி அப்படிப் போனபோது அந்த சீட்டில் என்னை உட்கார வைத்தார்கள். முதல் இரண்டு நாள் கை நடுங்கியது. ஒரு பவுண்டரிக்காரர் கேஷ் கிரெடிட் (தொழில் நடத்த வாங்கும் சுழல் கடன்) புதுப்பிக்கக் கொண்டுவந்த ஸ்டாக் ஸ்டேட்மென்டை, அதாவது சரக்கு இருப்புக் கணக்கை, எடுத்துக்கொண்டு நேராக அவர் பட்டறைக்கே போய், கம்பி, இரும்புத் துண்டு, முடிந்த சரக்கு என்று எண்ணிப் பார்த்தேன். பட்டறைக்காரரே பொறுமையாக எதை எப்படிக் கணக்கிடுவார்கள் என்று சொல்லிக்கொடுத்தார். பத்து நாள் முடிந்தபோது கடன் பிரிவு என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்திருந்தது. கடன், ரிஸ்க், கருவூலம், கணக்கு ஆகிய நான்கு துறைகளில் இருப்பவர்களுக்குச் சான்றிதழ் படிப்பு வேண்டும் என்று 2016-ல் ரிசர்வ் வங்கி சொன்னதே, அந்தக் கடன் படிப்பை அதற்கப்புறம்தான் எழுதினேன், முதல் முறையிலேயே தேர்ச்சி. கையால் செய்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தால் ஒவ்வொரு பக்கமும் தெரிந்த முகமாக இருக்கிறது. ஒரு செலவும் இல்லாத பயிற்சி இது. வருடம் முழுக்க, மாதத்தில் இரண்டு நாள், சீட்டை மாற்றி உட்கார வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

வருடாந்திர மதிப்பீட்டைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. சுயமதிப்பீட்டுப் படிவத்தில் 'உங்களுக்குத் தேவையான பயிற்சி' என்று ஒரு கட்டம் உண்டு. ஐந்து வருடம் தொடர்ந்து அந்நியச் செலாவணி என்று எழுதினேன். வந்த பயிற்சிகள் வீட்டுக்கடன் ஒன்று, வாடிக்கையாளரிடம் இனிமையாகப் பேசுவது ஒன்று. அந்தக் கட்டத்தை யாராவது படிக்கிறார்களா என்றே எனக்குச் சந்தேகம். மதிப்பெண் வரும், ஏன் அந்த மதிப்பெண் என்று ஒரு வார்த்தை இருக்காது. ஒரே ஒரு மேலாளர், கோவையில், கதவைச் சாத்திவிட்டு இருபது நிமிடம் என்னோடு உட்கார்ந்து, நான் கோப்பில் எழுதும் குறிப்புகள் நீளமாக இருக்கின்றன, முடிவை முதல் வரியில் எழுதுங்கள் என்றார். பதிமூன்று வருடத்தில் என் வேலையைப் பற்றி எனக்குக் கிடைத்த உருப்படியான கருத்து அந்த இருபது நிமிடம்தான். மதிப்பீட்டுக்கு ஒன்றரை.

பதவி உயர்வு நேர்காணலிலும் இதே கதைதான். வங்கி ஊழியர்கள் எழுதும் ஜே.ஏ.ஐ.ஐ.பி., சி.ஏ.ஐ.ஐ.பி. தேர்வுகளை முடித்திருந்தேன், கடன் சான்றிதழ் இருந்தது, கோப்பை வரிசையாக அடுக்கி எடுத்துப் போனேன். வங்கி வழியாக விற்கும் இன்ஷூரன்ஸில் எத்தனை பாலிசி பிடித்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வி, இரண்டாவது கேள்வியும் அதைச் சுற்றியே. கோப்பைத் திறக்கவே இல்லை. பதவி உயர்வு கிடைத்தது, அதைக் குறைவாகச் சொல்லக்கூடாது. ஆனால் அதோடு வெளி மாநிலத்துக்கு மாற்றல் வரலாம் என்ற பயத்தில் என்னோடு படித்த, என்னைவிடத் திறமையான இரண்டு பெண்கள் விண்ணப்பிக்கவே இல்லை. மாற்றலை வெளிப்படையாக, ஊழியர்களிடம் ஊர் விருப்பம் கேட்டு, பெண்களுக்கு முடிந்தவரை பக்கத்தில் கொடுத்துச் செய்யுங்கள் என்று மத்திய நிதிச் சேவைகள் துறை 2024 நவம்பரில் எல்லாப் பொதுத்துறை வங்கிகளுக்கும் எழுதியது. விருப்பம் கேட்கும் பக்கம் எங்கள் வங்கியிலும் வந்துவிட்டது, அந்த இருவரில் ஒருவர் இந்த வருடம் விண்ணப்பிக்கப் போவதாகச் சொல்கிறார். இதைக் கேட்டு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சம்பளத்தைப் பற்றி இங்கே பேசவில்லை. 2024 மார்ச்சில் வங்கி நிர்வாகங்களும் ஊழியர் சங்கங்களும் கையெழுத்திட்ட 12-வது இருதரப்பு ஒப்பந்தத்தில் 17 சதவீத உயர்வு வந்தது, சங்கங்கள் அதைப் பார்த்துக்கொள்கின்றன. கற்றுக்கொள்வதைப் பற்றி ஒப்பந்தத்தில் சண்டை போட யாரும் இல்லை, அதுதான் என் ஆதங்கம்.

இன்னொன்று. அந்த 38 வாக்கியத் தாள் எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடிப் பார்த்தேன். டி.வி. ராவ் என்ற பேராசிரியர் சக ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து 1980-களில் உருவாக்கியதாம். அவரும் உதய் பாரீக்கும்தான் 1970-களில் எல் அண்ட் டி நிறுவனத்துக்கு மனிதவள மேம்பாட்டுத் துறை என்ற ஒன்றை வடிவமைத்துக் கொடுத்தவர்கள், கொஞ்ச காலத்திலேயே அந்த யோசனை வங்கிகளுக்கும் வந்தது. மதிப்பீடு, பயிற்சி, பணி மாற்றம் எல்லாம் ஒன்றோடொன்று கோத்து இருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் அன்றைக்கே சொன்னது. மஞ்சள் ஊரில் உட்கார்ந்துகொண்டு போனில் யு.சி.பி. பாடம் எடுத்த எனக்கு அதைப் படித்தபோது தொண்டை அடைத்தது.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு: கல்லூரிக்கு ஆர்டர் வந்தால், கிளையில் ஆள் இல்லை, அடுத்த முறை போகலாம் என்று மேலாளர் சொன்னாலும் விடாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். வாடிக்கையாளரிடம் பேசுவது போன்ற பொதுவான பயிற்சியைவிட கடன், அந்நியச் செலாவணி, ஆடிட் மாதிரி கைவேலை உள்ள பயிற்சியைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் கிளையில் ஓய்வு பெறப் போகிறவர் யாராவது இருந்தால், மாலை ஐந்தரைக்கு மேல் அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த ஆய்வு மாணவியின் எண் தாளின் அடியில் இருந்தது, நல்லவேளை குறித்து வைத்திருந்தேன். நான் கொடுத்த தாளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், புதுத் தாள் ஒன்று அனுப்புங்கள் என்று நேற்று கேட்டேன். அனுப்பியிருக்கிறார். முதல் மூன்று வாக்கியங்களுக்கு எண் போட்டிருக்கிறேன், நாலாவதுக்குப் பக்கத்தில் இருக்கும் இடம் எழுதப் போதவில்லை, பின்பக்கம் திருப்பியிருக்கிறேன்.